சிறு தோட்டத்துக்கு எந்தத் தக்காளி ரகங்களைத் தேர்ந்தெடுப்பது?

செங்காந்தள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டின் பின்புறத்தில் நான்கு மீட்டர் நீளமும் ஒன்றேகால் மீட்டர் அகலமும் உள்ள ஒரு பாத்தியும், மாடியில் சில தொட்டிகளும் எனக்கு உள்ளன. வரும் பருவத்தில் அவற்றில் தக்காளி வளர்க்க விரும்புகிறேன். விதைப் பட்டியலைத் திறந்தால் நூற்றுக்கணக்கான பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு பெயரின் கீழும் மிகுந்த சுவை, மிகுந்த விளைச்சல் என்றே எழுதியிருப்பதால், எதைக் கொண்டு ஒரு ரகத்தை ஏற்று மற்றொன்றை விலக்குவது என்பது எனக்கு விளங்கவில்லை.

என் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாத்தியில் ஒரு நாளுக்கு ஏழு மணி நேரம் நேரடி வெயில் விழுகிறது. மாடித் தொட்டிகளுக்குக் காலை வெயில் மட்டும் நான்கைந்து மணி நேரம் கிடைக்கிறது. வெப்பம் ஏறும் மாதங்களில் பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது சில வாரங்களுக்கு இரவுகளும் புழுக்கமாகவே இருக்கும்.

கடந்த பருவத்தில் இரண்டு சிக்கல்களைக் கண்டேன். பெரிய பழம் தரும் ரகம் ஒன்று ஆளுயரம் வளர்ந்து நிறையப் பூத்தபோதும், பூக்கள் பெரும்பாலும் காம்போடு உதிர்ந்து, ஓரிரு காய்களே நின்றன. பாத்தியின் ஒரு மூலையில் இருந்த செடிகளோ காய்க்கத் தொடங்கிய பின் வாடின. நீர் விட்டும் அவை மீளவில்லை. உரக்குறைவோ நீர்க்குறைவோ காரணமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன், ஏனெனில் அதே பாத்தியின் மறுமுனையில் இருந்த செடிகள் நலமாகவே இருந்தன.

எங்களுக்கு வேண்டியவை இரண்டு: பச்சையாக உண்ண இனிப்பான சிறு பழங்கள், கூழாகக் காய்ச்சிச் சேமித்து வைக்கச் சதைப்பற்றுள்ள பழங்கள். முடிந்தால் அடுத்த ஆண்டுக்கு விதையும் எடுத்துவைக்க விரும்புகிறேன். இந்த நிலையில் எத்தனை ரகங்களை, எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மண்வெட்டி எழுதியது:

வணக்கம், செங்காந்தள். கடந்த பருவத்தில் உங்கள் செடிகளைத் தடுத்தது எது என்பதை நீங்களே தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ரகத் தேர்வை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுவையும் நிறமும் வடிவமும் அதன் பிறகு பார்க்க வேண்டியவை. பூவே நிற்காத இடத்தில், பழத்தின் சுவையைப் பற்றிப் பட்டியல் சொல்வது எதுவும் நமக்கு உதவாது.

முதலில் வளர்ச்சி முறையைப் பாருங்கள். தக்காளியில் செடி ரகம், கொடி ரகம் என இரண்டு உண்டு. கொடி ரகத்தில் ஏறத்தாழ மூன்று இலைகளுக்கு ஒரு பூங்கொத்து என்ற கணக்கில் தண்டு நீண்டுகொண்டே போகும். குளிரோ நோயோ நிறுத்தும் வரை அது வளரும், காய்க்கும். செடி ரகத்தில் பூங்கொத்துகள் நெருங்கி வந்து, தண்டின் நுனியே ஒரு பூங்கொத்தாக முடிந்துவிடும். ஆகவே அது இடுப்பளவோ அதற்குச் சற்று மேலோ நின்று, பெரும்பகுதிக் காய்களை மூன்று நான்கு வாரங்களுக்குள் பழுக்கவைத்துவிடும். இந்தக் குணம் 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவில் தானாகத் தோன்றிய ஒரு மரபணு மாற்றத்தால் வந்தது. இன்று இயந்திரம் கொண்டு அறுவடை செய்யப்படும் ஆலைத் தக்காளி ரகங்கள் ஏறத்தாழ எல்லாமே அந்த மாற்றத்தைச் சுமப்பவை.

வீட்டுத் தோட்டத்தில் இதற்கு நேரடியான பொருள் உண்டு. நாள்தோறும் பறித்து உண்ணும் பழம் வேண்டுமென்றால், பருவம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும் கொடி ரகம் ஏற்றது. ஒரே வாரத்தில் கூடை நிறையப் பழம் சேர்ந்தால்தான் கூழ் காய்ச்சுவதற்குப் பொருள் உண்டு என்பதால், அதற்குச் செடி ரகமே பொருத்தம். கொடி ரகத்துக்கு ஆளுயரத்துக்குக் குறையாத ஊன்றுகோலும், இலைக் கக்கத்தில் முளைக்கும் பக்கத் தளிர்களை வாரந்தோறும் கிள்ளும் கவனமும் தேவை. செடி ரகத்தில் அப்படிக் கிள்ளவே கூடாது. கிள்ளினால் காய்க்க வேண்டிய கிளைகளையே எடுத்துவிடுவோம். இந்த வேறுபாடு தெரியாமல் எல்லாச் செடிகளையும் ஒரே மாதிரி நறுக்குவதாலேயே பல தோட்டங்களில் நல்ல ரகங்கள் விளைச்சல் தராத ரகங்கள் என்று பெயர் வாங்கியிருக்கின்றன.

இனி பூ உதிர்வுக்கு வருகிறேன். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும். பகல் வெப்பம் 32 முதல் 35 டிகிரிக்கு மேல் போகும்போதும், இரவு வெப்பம் 21 டிகிரிக்குக் கீழே இறங்காதபோதும், மகரந்தம் உயிர்ப்பை இழக்கிறது. சில ரகங்களில், மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூலகமுடி மகரந்தக் கூம்பைத் தாண்டி வெளியே நீண்டுவிடுவதால் மகரந்தம் விழுந்தாலும் படுவதில்லை. கருவுறாத பூவைச் செடி காம்பின் கணுவிலேயே கழற்றிவிடுகிறது. கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது: வெப்பம் கெடுப்பது விரிந்த பூவை மட்டும் அன்று. பூ விரிவதற்கு ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு முன், மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும் நாட்கள்தான் மிகவும் மென்மையானவை. ஆகவே வெப்பம் தணிந்த பிறகும் சில நாட்கள் பூ உதிர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் உரத்தைக் கூட்டிவிடாதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் இலை பெருகும்; பூ நிற்க அது உதவாது.

இதைத் தாங்கும் திறன் ரகத்துக்கு ரகம் வேறுபடுகிறது. பொதுவாகப் பழம் சிறுக்கச் சிறுக்கத் தாங்குதிறன் கூடும். செர்ரித் தக்காளிகளும் சிறு முட்டை வடிவப் பழங்களும், பெரிய பழ ரகங்கள் கைவிட்ட வெப்பத்திலும் ஓரளவு காய்க்கும். நடுத்தரப் பழங்களில், வெப்பத்தில் காய் பிடிப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட கலப்பின ரகங்கள் உண்டு. ஹீட்மாஸ்டர் அவற்றில் ஒன்று. பிராண்டிவைன் போன்ற பெரிய பழங்களோ மிதமான, நீண்ட பருவத்தை வேண்டுபவை. கடந்த பருவத்தில் உங்களிடம் இருந்த ரகம் இந்தக் குழுவைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

ரகத்தை மாற்றுவதோடு நாட்கணக்கையும் பாருங்கள். விதை உறையில் 55 நாள், 80 நாள் என்று அச்சிட்டிருப்பது, பெரும்பாலும் நாற்றை எடுத்து நட்ட நாளிலிருந்து முதல் பழம் வரை. விதைத்த நாளிலிருந்து அன்று. நாற்றுக்கு ஐந்து முதல் ஏழு வாரங்களைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். பூவிலிருந்து பழம் வரை சிறு பழத்துக்கு ஏறத்தாழ 40 நாளும் பெரிய பழத்துக்கு 60 நாள் வரையும் ஆகும். உங்கள் பகுதியில் கடும் வெப்பம் தொடங்கும் வாரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்பே இரண்டு மூன்று கொத்துகளாவது காயாகிவிடும்படி பின்னோக்கிக் கணக்கிட்டால், 80 நாளுக்கு மேற்பட்ட ரகங்கள் பலவும் தாமாகவே பட்டியலிலிருந்து விலகிவிடும். நிற்கும் பூவுக்குத்தான் வெப்பம் இடையூறு. நின்றுவிட்ட காய் வெப்பத்திலும் பருக்கும். ஆனால் 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாததால் பழம் சற்று மஞ்சள் கலந்த நிறத்தில் பழுக்கலாம். நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் வைத்தால் நன்றாகச் சிவக்கும்.

தொட்டிகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலை வெயில் மட்டும் விழும் இடத்தில் பெரிய பழத்தை எதிர்பார்க்க வேண்டாம். டைனி டிம் போன்ற குட்டைச் செர்ரி ரகங்கள் எட்டுப் பத்து லிட்டர் தொட்டியில் நிறைவாகக் காய்க்கும். மைக்ரோ டாம் ஒரு சாண் உயரமே வளரும். அதற்கு இரண்டு மூன்று லிட்டர் மண் போதும். சாதாரணச் செடி ரகத்துக்கு 20 லிட்டராவது வேண்டும், கொடி ரகத்துக்கு 40 லிட்டர். அதைவிடக் குறைந்த மண்ணில் ஈரம் ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்குவதால் நுனி அழுகலும் வெடிப்பும் வரும்.

இலைக்காவல் எழுதியது:

மண்வெட்டி அவர்கள் வெப்பத்தைப் பற்றி விரிவாக எழுதிவிட்டதால், வாடிய மூலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு சிறு தோட்டத்தில் ரகத் தேர்வைத் தீர்மானிக்க வேண்டிய முதல் செய்தி அதுதான் என்று நான் கருதுகிறேன். வெப்பம் சில வாரங்களில் போய்விடும். மண்ணில் தங்கிய நோய் அடுத்த பருவத்திலும் அங்கேயே காத்திருக்கும்.

வாடல் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது பல நோய்களை. அடியிலைகள் முதலில், பெரும்பாலும் செடியின் ஒரு பக்கத்தில் மட்டும் மஞ்சளாகி, சில வாரங்களில் செடி படிப்படியாக வாடினால் அது புசேரியம் என்னும் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். தண்டைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தால் பட்டைக்கு உட்புறம் பழுப்புக் கோடு தெரியும். இலைகள் மஞ்சளாகாமல், பச்சையாக இருக்கும்போதே இரண்டு மூன்று நாட்களில் முழுச் செடியும் தொங்கிவிட்டால் பாக்டீரியா வாடலை ஐயுற வேண்டும். அதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. தண்டின் அடிப்பகுதியை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரில் அதன் வெட்டுமுனை மூழ்கும்படி அசையாமல் பிடித்தால், சில நிமிடங்களில் பால் போன்ற வெண்மையான இழை நீரில் இறங்கும். பூஞ்சை வாடலில் அப்படி எதுவும் வராது. மூன்றாவது, வேர்முடிச்சு நூற்புழு. அதில் செடி குன்றி, நண்பகலில் தளர்ந்து மாலையில் தேறும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் கடுகு முதல் சுண்டைக்காய் வரை பல அளவில் முடிச்சுகள் இருக்கும். அந்த முடிச்சுகள் வேரின் சதையே வீங்கியவை என்பதால் விரலால் தட்டினால் உதிராது.

இதைக் கண்டறியாமல் ரகம் வாங்குவதில் பொருள் இல்லை, ஏனெனில் எதிர்ப்புத் திறன் நோய்க்கு நோய் தனித்தனியானது. விதை உறையில் ரகப் பெயருக்குப் பின் வி (V), எஃப் (F), என் (N), டி (T) என்று ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். வி என்பது வெர்டிசிலியம் என்னும் மற்றொரு பூஞ்சையால் வரும் வாடலையும், எஃப் என்பது புசேரியம் வாடலையும், என் என்பது நூற்புழுவையும், டி என்பது புகையிலைத் தேமல் நச்சுயிரியையும் எதிர்க்கும் திறனைக் குறிப்பவை. புசேரியத்தில் மூன்று இனங்கள் உள்ளன; எஃப் எழுத்து எத்தனை முறை வருகிறதோ அத்தனை இனங்களுக்கு எதிர்ப்பு உண்டு என்று பொருள். ரோமா வி.எஃப் முதல் இனத்தை மட்டும் எதிர்க்கும். செலிபிரிட்டி என்னும் கலப்பின ரகத்தில் இரண்டு இனங்களுக்கான எதிர்ப்போடு நூற்புழுவுக்கும் தேமலுக்குமான எதிர்ப்பும் சேர்ந்திருக்கிறது. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் இலைச்சுருள் நச்சுயிரிக்குத் தனிக் குறியீடு உண்டு. அந்த ஈ மிகுந்த இடங்களில் மற்ற எல்லா எழுத்துகளையும்விட அந்த ஒன்றே முக்கியம், ஏனெனில் இளம் செடியில் அந்த நச்சுயிரி புகுந்துவிட்டால் அதன் பிறகு காய்ப்பதை எதிர்பார்க்க முடியாது.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டும். எதிர்ப்புத் திறன் என்பது நோய் அறவே வராது என்ற உறுதிமொழி ஆகாது. நோய் குறைவாகவும் தாமதமாகவும் வரும், செடி காய்த்துவிடும் என்பதே அதன் பொருள். அடுத்து, நூற்புழுவைத் தடுக்கும் மரபணு தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து கலப்பினம் வழியாகக் கொண்டுவரப்பட்டது. மண்ணின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டும்போது அது செயலிழக்கிறது. வெப்பப் பகுதிகளில் ‘என்’ (N) எழுத்துள்ள ரகத்தை நட்டும் வேரில் முடிச்சு வந்ததாகப் பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ரகத்தோடு மூடாக்கும் வேண்டும். உலர்ந்த இலையோ வைக்கோலோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினால் மண்ணின் வெப்பம் கணிசமாகத் தணியும்.

வாடியது பாக்டீரியாவால் என்றால், வி எஃப் என் டி எழுத்துகள் எவையும் உங்களைக் காப்பாற்றா. அப்போது அந்நோயைத் தாங்கும் வேர்ச்செடியின் மேல் ஒட்டுக் கட்டிய நாற்றை வாங்குவதோ, அந்த இடத்தைத் தக்காளிக்கும் அதன் உறவுகளான கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கும் சில ஆண்டுகள் விலக்கிவைப்பதோதான் வழி. கடந்த பருவத்துச் செடிகளின் வேர்கள் மண்ணில் எஞ்சியிருந்தால், எடுத்துக் கழுவிப் பார்த்துச் சொல்லுங்கள்.

விதைப்பெட்டி எழுதியது:

மேலே இருவரும் எழுதியவற்றை மதிக்கிறேன். ஆயினும் சுவையைக் கடைசியில் வைத்துப் பார்க்கலாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல சுவைக்காகத்தான் பெரும்பாலோர் வீட்டில் தக்காளி வளர்க்கிறோம். தொலைதூரம் செல்ல வேண்டிய பழத்துக்குத் தோலின் உறுதியும் ஒரே சீரான நிறமும் முதன்மை. நம் பழம் பத்தடி தூரம் சென்றால் போதும். இந்தச் சலுகையைப் பயன்படுத்தாமல் விடுவது வருத்தத்துக்குரியது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். பழைய ரகங்களில் காய் முற்றும்போது காம்பைச் சுற்றித் தோள்பகுதி கரும்பச்சையாக இருக்கும். ஒரே சீராக நிறம் மாறும் பழத்தை விரும்பிய ரக உருவாக்குநர்கள், கடந்த நூற்றாண்டில் பல பத்தாண்டுகளாக அந்தப் பச்சைத் தோள் இல்லாத செடிகளையே தேர்ந்தெடுத்து வந்தார்கள். அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவை அடையாளம் கண்ட ஆய்வு 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. பச்சைத் தோளை உண்டாக்கும் அந்த மரபணு, காயிலேயே பச்சையம் உருவாகி ஒளிச்சேர்க்கை நடக்க உதவுகிறது. அது செயலற்ற ரகங்களில் பழத்தின் சர்க்கரை குறைகிறது. ஆகவே பட்டியலில் பச்சைத் தோள் என்று எழுதியிருந்தால் அதைக் குறையாக எண்ணாமல், சுவைக்கு ஒரு சிறிய நற்குறியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சுவை என்பது இனிப்பு மட்டும் அன்று. சர்க்கரையும் புளிப்பும் இரண்டும் மிகுந்திருந்தால்தான் நாக்குக்குத் தக்காளி முழுமையாகத் தெரியும். சர்க்கரை மிகுந்து புளிப்புக் குறைந்தால் பழம் சப்பென்று இனிக்கும். மணம் தருபவை வேறு ஆவிப்பொருள்கள். பழுத்த பழத்தை 12 டிகிரிக்குக் கீழே குளிர்பெட்டியில் வைத்தால் அந்த மணம் குறைந்துவிடும் என்பதால், நல்ல ரகத்தைத் தேடி வளர்த்தவர்கள் பழத்தை வெளியில் வைப்பதே முறை.

உங்கள் இரு தேவைகளுக்கும் வருகிறேன். பச்சையாக உண்ணச் சன் கோல்ட் என்னும் செம்மஞ்சள் நிறச் செர்ரி ரகத்துக்கு இணையானவை மிகச் சில. இனிப்பும் பழமணமும் ஒருங்கே அமைந்தது. ஆனால் அதன் தோல் மெல்லியது. மழை பெய்தாலோ நீர் கூடினாலோ பழுத்த பழம் வெடிக்கும். வெடிப்பைத் தாங்க வேண்டுமென்றால் ஜூலியட் என்னும் சிறு முட்டை வடிவக் கலப்பினம் நல்லது. இனிப்பு சற்றுக் குறைவு, விளைச்சல் மிக அதிகம், ஓரளவு சதைப்பற்றும் இருப்பதால் மிஞ்சிய பழத்தைக் கூழுடனும் சேர்க்கலாம். கூழுக்குச் சான் மார்சானோவின் பெயரே எல்லோர் வாயிலும் வரும். அதன் சுவை பெயருக்குத் தகுந்ததுதான். எனினும் அது கொடி ரகம். நீண்ட பழம் ஆதலால் சுண்ணாம்புச் சத்து நுனிவரை சீராகச் சென்று சேராதபோது நுனி அழுகல் எளிதில் வரும்; வாடல் நோய்களுக்கு எதிர்ப்பும் குறைவு. நோய் இருந்த பாத்தியில் ரோமா வி.எஃப் அதைவிடப் பாதுகாப்பானது, செடி ரகமும்கூட.

பெரிய பழ ரகங்களை முற்றிலும் விலக்கிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். செரோக்கி பர்ப்பிள் போன்ற ஒன்றைப் பருவத்தின் தொடக்கத்திலேயே ஒரே ஒரு செடி நட்டு, நான்கைந்து பழங்கள் கிடைத்தாலும் அது வீண் அன்று. உயரமான கொடிக்கு இடம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: 2005ஆம் ஆண்டில் தொடங்கிய குட்டைத் தக்காளித் திட்டத்தில், பல நாடுகளைச் சேர்ந்த வீட்டுத் தோட்டக்காரர்கள் சேர்ந்து, பழைய பெரிய பழ ரகங்களின் சுவையைத் தடித்த தண்டுள்ள குட்டைச் செடிகளில் கொண்டுவந்து, நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களை வெளியிட்டிருக்கிறார்கள். அவை நிலைப்பட்ட ரகங்கள் என்பதால் விதையும் எடுக்கலாம்.

விதை எடுப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எஃப்1 என்று குறித்த கலப்பின ரகத்தின் (இந்த எஃப் முதல் தலைமுறைக் கலப்பைக் குறிப்பது, நோய்க் குறியீடு அன்று) விதை முளைக்கும், காய்க்கும். ஆனால் பிள்ளைச் செடிகள் தாயைப் போல் இராமல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருக்கும். சன் கோல்ட், ஜூலியட், செலிபிரிட்டி மூன்றும் எஃப்1. ரோமா, சான் மார்சானோ, டைனி டிம், செரோக்கி பர்ப்பிள் ஆகியவற்றில் விதை எடுக்கலாம்.

செங்காந்தள் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இலைக்காவல் அவர்கள் சொன்னபடி அந்த மூலையைத் தோண்டிப் பார்த்தேன். செடிகளை அப்போது தரையோடு அறுத்திருந்ததால் அடித்தண்டும் வேரும் மண்ணிலேயே இருந்தன. கழுவிப் பார்த்தபோது வேரில் முடிச்சுகள் தெளிவாகத் தெரிந்தன. விரலால் தேய்த்தும் அவை உதிரவில்லை. தண்டைப் பிளந்ததில் பழுப்புக் கோடும் இருந்தது. மறுமுனையில் எடுத்த வேர்களில் முடிச்சு எதுவும் இல்லை.

இப்போது என் கேள்வி சற்றுக் குறுகியிருக்கிறது. பாத்தியை எப்படிப் பிரித்துக்கொள்வது? செலிபிரிட்டியோ ரோமாவோ நான் விதை வாங்கும் இடத்தில் கிடைக்காவிட்டால் எதைப் பார்த்து மாற்று ரகத்தை எடுப்பது?

இலைக்காவல் எழுதியது:

பிளந்த தண்டில் பழுப்புக் கோடும் வேரில் முடிச்சும் சேர்ந்திருப்பது அரிதான நிலை அன்று. நூற்புழு வேரில் புகுந்த பின் புசேரியத்தின் தாக்குதலும் கடுமையாகிறது. ஒன்றை மட்டும் எதிர்க்கும் ரகம் அந்த மண்ணில் திணறும். பழைய தண்டில் நிறத்தை மட்டும் கொண்டு பூஞ்சையின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், வி, எஃப், என் ஆகிய மூன்றும் உள்ள ரகத்தைத் தேடுங்கள். எஃப் இரண்டு முறை வந்தால் மேலும் நல்லது. ரகத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் கவலை இல்லை. கடையில் பெயரைக் கேட்பதைவிட, இந்த எழுத்துகள் உள்ள செடி ரகம், 75 நாளுக்குள் பழுப்பது, நடுத்தரப் பழம் என்று கேட்டால், உங்கள் பகுதிக்கென்று உருவாக்கப்பட்ட, நாம் இங்கே பெயர் சொல்லாத ஒரு ரகம்கூடக் கிடைக்கலாம். அதுவே உங்களுக்கு மேலும் ஏற்றதாக இருக்கும்.

அந்த மூலையில் ஒரு மீட்டர் அளவுக்கு இந்தப் பருவத்தில் தக்காளி குடும்பத்தையே நட வேண்டாம். நெருக்கமாகச் செண்டுமல்லியை விதைத்து, பருவம் முழுவதும் விட்டுவைத்தால் நூற்புழுவின் எண்ணிக்கை குறையும். அதன் வேரில் சுரக்கும் பொருள் நூற்புழுவுக்கு நஞ்சு. இடையிடையே ஓரிரு செடிகளை நடுவதால் அந்தப் பயன் கிடைக்காது. அந்த மூலையில் புழங்கிய மண்வெட்டியைக் கழுவாமல் மறுமுனைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம்.

மண்வெட்டி எழுதியது:

மீதமுள்ள மூன்று மீட்டரில் இரண்டு வரிசை வைக்கலாம். வெயிலை மறைக்காத பக்கத்தில் பின்வரிசையாக 75 செ.மீ. இடைவெளியில் நான்கு கொடிகள்: சன் கோல்ட் ஒன்று, ஜூலியட் இரண்டு, விதைப்பெட்டி அவர்கள் விரும்பும் பெரிய பழ ரகம் ஒன்று. அந்தக் கடைசிச் செடியை மூலையிலிருந்து மிகத் தொலைவில் வையுங்கள், ஏனெனில் பழைய ரகங்களுக்கு வேர்நோய் எதிர்ப்பு பொதுவாக இல்லை. முன்வரிசையில் 60 செ.மீ. இடைவெளியில் ஐந்து செடி ரகங்கள். மூலைக்கு அருகில் வருபவை வி, எஃப், என் மூன்றும் உள்ள ரகமாகவும், தொலைவில் வருபவை ரோமாவாகவும் இருக்கட்டும். மாடித் தொட்டிகளில் டைனி டிம் போதும். புதிய மண்கலவை ஆதலால் அங்கே வேர்நோய்க் கவலை இல்லை. பாத்தி மண்ணை மட்டும் அத்தொட்டிகளில் கலந்துவிடாதீர்கள்.

பாத்தியில் ஐந்து ரகம் என்பதே இவ்வளவு இடத்துக்கு அதிகபட்சம் என்பேன். அதற்கு மேல் போனால் ஒவ்வொன்றிலும் ஒரே செடி நிற்கும். அது நன்றாக வராவிட்டால் குறை ரகத்தினுடையதா, அந்தச் செடி நின்ற இடத்தினுடையதா என்று பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு செடியிலும் முதல் பூ, முதல் பழம், வெப்ப வாரங்களில் நின்ற கொத்துகள் ஆகியவற்றை எழுதிவைத்தால், அடுத்த பருவத்தில் எங்கள் யாருடைய பரிந்துரையைவிடவும் அந்தக் குறிப்பு உங்களுக்குப் பயன்படும்.

விதைப்பெட்டி எழுதியது:

இந்த அமைப்பு எனக்கும் நிறைவாக இருக்கிறது. விதைக்கு மட்டும் ஒரு குறிப்பைச் சேர்க்கிறேன். தக்காளி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பதால் ரோமாவும் டைனி டிம்மும் அருகில் இருந்தாலும் கலப்பு குறைவாகவே நடக்கும். ஆனால் பெரிய பழ ரகங்களில் சிலவற்றில் சூலகமுடி வெளியே நீண்டிருப்பதால், தேனீக்கள் வரும் தோட்டத்தில் கலப்புக்கு வாய்ப்பு கூடும். உறுதி வேண்டுமென்றால், விரியாத மொட்டுக் கொத்து ஒன்றை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி, காலையில் விரலால் மெதுவாகத் தட்டி, காய் நின்றதும் பையை எடுத்துவிட்டு அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நன்கு பழுத்த பின் விதையைக் கூழோடு ஒரு குவளையில் இரண்டு மூன்று நாட்கள் புளிக்கவிட்டு, மேலே மிதப்பதை வடித்துக் கழுவி, தாளில் ஒட்டிக்கொள்ளாதபடி தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். விதையை எப்போதும் நோயற்ற, அதிகம் காய்த்த செடியிலிருந்தே எடுங்கள். மூலைக்கு அருகில் நிற்பவற்றின் பழத்தை உண்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் புசேரியம் விதை வழியாகவும் பரவக்கூடியது.